எக்ஸ்ரே அறையில் நோயாளி நலம், சட்டம், தொற்றுத் தடுப்பு: மும்பைத் தமிழ் ரேடியோகிராபர்களுக்கு ஒரு வழிகாட்டி

மார்பு எக்ஸ்ரே ஒன்றில் கதிர் பாயும் நேரம் ஒரு நொடியின் சிறு பகுதிதான். சரியான ஆளைத்தான் நிறுத்தியிருக்கிறோமா, அவர் விவரம் அறிந்து சம்மதித்தாரா, முந்தைய நோயாளியின் கிருமி இவருக்குப் போகாமல் பார்த்துக்கொண்டோமா என்ற கேள்விகளெல்லாம் அந்த நொடிக்கு முன்னும் பின்னும் உள்ள சில நிமிடங்களில் எழுகின்றன. பாடத்திட்டத்தில் நோயாளி பராமரிப்பு, சட்டம், தொற்றுத் தடுப்பு ஆகியவை தனித்தனி அலகுகளாக இருந்தாலும் வேலையில் அவை ஒன்றோடொன்று கலந்தேதான் வருகின்றன. ஆகவே இந்த வழிகாட்டி, நோயாளி அறைக்குள் நுழைவதிலிருந்து அவர் வெளியேறிய பின் மேசையைத் துடைப்பது வரை, வேலை நடக்கும் வரிசையிலேயே செல்கிறது. சயான், பரேல், செம்பூர் பகுதி மருத்துவமனைகளிலும் தாராவி, மாட்டுங்கா பகுதி டயக்னாஸ்டிக் சென்டர்களிலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

படிவமும் பெயரும்

நோயாளியை இரண்டு அடையாளங்களால் உறுதிசெய்ய வேண்டும். ஒன்று முழுப்பெயர், மற்றொன்று மருத்துவமனைப் பதிவு எண் அல்லது பிறந்த தேதி. படுக்கை எண்ணை அடையாளமாகக் கொள்ளக் கூடாது, ஏனெனில் வார்டில் படுக்கை மாறிக்கொண்டே இருக்கும். "நீங்கள்தானே லட்சுமி?" என்று கேட்டால், காது சரியாகக் கேட்காதவரும் பதற்றத்தில் இருப்பவரும் தலையாட்டிவிடுவார்கள்; "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, அவர் வாயால் சொல்ல வைத்துப் படிவத்தோடு ஒப்பிடுவதே முறை.

மும்பையில் தமிழ் நோயாளிகளின் பெயரில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. நம் ஊர் வழக்கப்படி 'எஸ். முருகன்' என்று இருப்பவர், பெயர், தந்தை பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று கட்டங்கள் கொண்ட இங்குள்ள படிவத்தில் ஒருமுறை 'முருகன் சுப்பையா' ஆகவும், மறுமுறை 'சுப்பையா முருகன்' ஆகவும், இன்னொரு முறை 'முருகன் நாடார்' ஆகவும் பதிவாகிறார். பழைய படத்தோடு ஒப்பிட வேண்டிய நிலையில் இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு ஆட்களாகக் கணினியில் கிடக்கும். பதிவு எண்ணைப் பார்க்காமல் பெயரை மட்டும் நம்பிப் படத்தைச் சேமிக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

எந்தப் பக்கம், எந்த உறுப்பு, எதற்காக என்பதையும் படிவத்தில் பாருங்கள். படிவத்தில் இடது முழங்கால் என்று இருந்து, நோயாளி வலது முழங்காலைக் காட்டினால், நாமாகத் தீர்மானிக்காமல் எழுதிய மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டுத் திருத்தி வாங்குவதுதான் முறை.

சொல்ல வேண்டிய சொற்கள்

மூச்சைப் பிடிக்கச் சொல்லும் கட்டளை நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். இந்தியில் "ஸான்ஸ் லீஜியே, ரோக்கியே" என்றும் மராத்தியில் "ஷ்வாஸ் க்யா, தரூன் டேவா" என்றும் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். மகன் வீட்டுக்கு வந்த திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சிக்கு இவை எதுவும் புரியாது. "மூச்சை நல்லா உள்ளே இழுங்க, அப்படியே பிடிங்க" என்று தமிழில் சொன்னால் படம் முதல் முறையிலேயே சரியாக வரும், மறுபடி எடுக்கும் கதிர்வீச்சும் மிச்சம். எடுத்து முடித்ததும் "இப்ப விடுங்க" என்று சொல்ல மறக்க வேண்டாம். சொல்லாவிட்டால், அடுத்த சொல்லுக்காகக் காத்து முகம் சிவக்க நிற்கும் முதியவர்கள் உண்டு.

சம்மதமும் கர்ப்பக் கேள்வியும்

சாதாரண எக்ஸ்ரேக்கு, என்ன செய்யப்போகிறோம் என்று விளக்கிய பின் நோயாளி ஒத்துழைப்பதே சம்மதமாகக் கொள்ளப்படுகிறது. உறுப்பைப் படத்தில் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தும் சி.டி., சிறுநீர்ப் பாதையைப் பார்க்கும் ஐ.வி.பி., கருப்பையையும் கருக்குழாயையும் பார்க்கும் எச்.எஸ்.ஜி. போன்றவற்றுக்கு எழுத்துப்பூர்வமான சம்மதம் வாங்கப்படுகிறது. விவரம் அறிந்து தரும் சம்மதம் எப்படியிருக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் விரிவாகச் சொல்லியிருக்கிறது. எதற்காகச் செய்கிறார்கள், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதெல்லாம் நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும், ஒன்றுக்குத் தந்த சம்மதம் மற்றொன்றுக்குச் செல்லாது என்பதும் அதன் சாரம். 18 வயது நிரம்பிய, சுயநினைவுள்ள பெண்ணின் சம்மதப் படிவத்தில் கணவர் கையெழுத்திடுவது வழக்கமாக இருந்தாலும் சட்டப்படி கணக்கில் வராது. அந்தப் பெண்தான் கையெழுத்திட வேண்டும். நோயாளி மறுத்தால் வற்புறுத்தாமல், மறுத்ததைப் பதிவுசெய்து அனுப்பிய மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். மறுப்பதும் அவருடைய உரிமைதான்.

கான்ட்ராஸ்ட் விஷயத்தில் முன்பு ஒவ்வாமை வந்ததா, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உண்டா, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பனவற்றைக் கேட்டு எழுதி, மருத்துவரிடம் காட்டிய பிறகே மேலே செல்ல வேண்டும். மருந்து செலுத்தியபின் அரை மணி நேரம் நோயாளியை அங்கேயே இருத்திக் கவனியுங்கள். அதுவரை மருந்து செலுத்தக் கையில் போட்ட கேனுலா குழாயை எடுக்க வேண்டாம். கடுமையான ஒவ்வாமைக்கு முதல் மருந்து அட்ரினலின். பெரியவர்களுக்குத் தொடைத் தசையில் 0.5 மில்லிகிராம் என்பது பொதுவான அளவு. அதைப் போடச் சொல்பவர் மருத்துவர்தான். ஆனால் அவசர மருந்துத் தட்டு எங்கே இருக்கிறது, மருந்து காலாவதியாகாமல் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் பார்த்துவைப்பது நம் வேலை.

கர்ப்பம் பற்றிய கேள்வியைப் பலர் கூச்சத்தால் ஒப்புக்குக் கேட்டுவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். ஏறத்தாழ 12 முதல் 55 வயது வரையிலான எல்லாப் பெண்களிடமும் வயிறு, இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சுக்கு முன் கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்க வேண்டும். மாமியாரோ அண்ணனோ அருகில் நிற்கையில் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். ஆகவே உறவினரை வெளியே உட்காரவைத்து, கதவைச் சாத்தி, முடிந்தால் பெண் ஊழியர் ஒருவரைக் கொண்டு, "கடைசியாக எப்போது தலைக்குளித்தீர்கள்?" என்று அவருக்குப் பழகிய சொல்லில் கேளுங்கள். திருமணமாகாத பெண்ணிடமும் எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான் இது என்று சொல்லிக் கேட்டால் சங்கடம் குறையும். கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்லும் அறிவிப்பு, நோயாளிகள் படிக்கும் மொழியில் காத்திருப்பு இடத்தில் இருக்க வேண்டும். தமிழர்கள் அதிகம் வரும் சென்டராக இருந்தால் தமிழிலும் ஒன்று ஒட்டச் சொல்லி நிர்வாகத்தைக் கேட்பதில் தவறில்லை.

மாதவிலக்கு தள்ளிப்போயிருப்பதாகச் சொன்னால், படம் அவசரமா, தள்ளிவைக்கலாமா, அல்ட்ராசவுண்ட் போதுமா என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். தெரியாமல் எடுத்துவிட்ட பிறகு கர்ப்பம் என்று தெரிந்தால் நாம் பதறி நோயாளியையும் பதறவைக்கக் கூடாது. மார்பு எக்ஸ்ரேயில் கருவுக்குச் சேரும் அளவு 0.01 மில்லிகிரேக்கும் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) குறைவு. கருவுக்கு ஊறு பற்றி உலக அளவில் கவலைப்படத் தொடங்குவது 100 மில்லிகிரே அளவில். கருவைக் கலைக்க வேண்டியிருக்குமோ என்பது போன்ற பேச்சு ரேடியோகிராபர் வாயிலிருந்து வரவே கூடாது. விவரங்களைக் குறித்து மருத்துவரிடம் கொடுங்கள்.

உடை, தாலி, தொடுதல்

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனம், ஆண் ஒருவர் பெண் நோயாளியைப் பரிசோதிக்கையில் வேறொரு பெண் உடனிருக்கும் உரிமையைக் குறிப்பிடுகிறது. ஆண் ரேடியோகிராபருக்கு இது பாதுகாப்பும்கூட. எங்கே, ஏன் தொடப்போகிறோம் என்று முன்பே சொல்லிவிட்டு, தோள் எலும்பு, இடுப்பெலும்பு முனை போன்ற குறியிடங்களை விரல் நுனியால் மட்டும் தொடுங்கள்.

மார்பு எக்ஸ்ரேக்குத் தாலியைக் கழற்றச் சொன்னால் நம் பெண்கள் பலர் கலங்கிவிடுவார்கள். அதட்டுவதால் பயனில்லை. தாலியைக் கழுத்தருகே உயர்த்தி, நுரையீரல் பகுதியில் விழாதபடி டேப் போட்டு நிறுத்தினால் பெரும்பாலும் போதும். சிலர் வாயில் கவ்விக்கொள்ளச் சொல்கிறார்கள். தொற்றுக் கோணத்தில் அது கூடாது. கழற்றியே ஆக வேண்டிய நிலையில், உலோகமில்லாத மஞ்சள் கயிறு ஒன்றை முதலில் கட்டிக்கொண்டு பிறகு சங்கிலியைக் கழற்றலாம் என்று சொன்னால் மறுப்பவர்கள் குறைவு. எம்.ஆர்.ஐ. அறையில் இந்தச் சலுகைக்கு இடமில்லை. தங்கத்தைவிடத் தாலிக்கொடியில் கோத்திருக்கும் இரும்பு ஊக்குகளே அங்கே ஆபத்து. காந்தம் எந்நேரமும் இயங்கிக்கொண்டே இருக்கிறது என்பதை மறந்து ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போனதில் 2018 ஜனவரியில் இதே நகரத்தில் ஓர் உயிர் போயிருக்கிறது.

இடுப்புப் படத்துக்கு அரைஞாண் கயிற்றில் தொங்கும் தாயத்தையும் தேடுங்கள். மார்புப் படத்தில் பின்னலைத் தலைக்கு மேல் தூக்கி முடியுங்கள். எண்ணெய் தேய்த்த தடித்த பின்னல் நுரையீரலின் உச்சியில் நிழலாக விழும். காசநோய் முதலில் தேடப்படும் இடம் அதுதான் என்பதால் அந்த நிழல் வீண் சந்தேகத்தையும் கிளப்பும், உண்மையான புண்ணையும் மறைக்கும்.

டிராலியிலிருந்து மேசைக்கு மாற்றும்போது முதலில் பிரேக்கைப் போடுங்கள். குழாய் வழியே சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையை, உடலுக்குள் உள்ள சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழேயும், மார்புக் குழாய்ப் பாட்டிலை மார்பு மட்டத்துக்குக் கீழேயும் வைத்திருக்க வேண்டும். பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைத்தால் சிறுநீர் பின்னோக்கிப் பாய்ந்து தொற்றை ஏற்படுத்தும். கழுத்துப் பட்டையை மருத்துவர் சொல்லாமல் கழற்ற வேண்டாம். குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டால், கர்ப்பமில்லாத உறவினருக்குக் கதிரைத் தடுக்கும் லெட் (ஈய) ஏப்ரன் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நாளெல்லாம் கதிர்வீச்சில் வேலை செய்யும் ஊழியரே அதை வழக்கமாகச் செய்வது சரியன்று.

கை, மேசை, காற்று

தொற்றுத் தடுப்பில் கைகழுவுதலுக்கு இணையான வேறொன்று இல்லை. நோயாளியைத் தொடுவதற்கு முன், ஊசி போன்ற தூய்மையான செயலுக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின் என்று உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது. கடைசியாகச் சொன்னதைத்தான் எக்ஸ்ரே அறையில் மறக்கிறோம். ஆல்கஹால் கரைசலால் 20 முதல் 30 நொடியும், சோப்பும் தண்ணீருமாக 40 முதல் 60 நொடியும் தேய்க்க வேண்டும். கையில் அழுக்கோ இரத்தமோ கண்ணுக்குத் தெரிந்தால் ஆல்கஹால் போதாது. கையுறை அணிவது கைகழுவுவதற்கு மாற்றாகாது. அணிந்த கையுறையோடு கீபோர்டைத் தட்டுபவர் கிருமியைக் கீபோர்டுக்கு மாற்றுகிறார், அவ்வளவுதான்.

மார்பு ஸ்டாண்டில் முகவாய் படும் மேல்விளிம்பையும் நோயாளி பற்றும் கைப்பிடிகளையும் ஒவ்வொருவருக்குப் பின்னும் துடைக்க வேண்டும். எக்ஸ்போஷர் பொத்தான், ஈயத்தாலான இடது, வலது மார்க்கர்கள், உறை கிழிந்த ஸ்பாஞ்சுகள் ஆகியவை எவர் கணக்கிலும் வராமல் அழுக்கேறும் பொருள்கள். படத்தைப் பதிவுசெய்யும் தகடான டிடெக்டரின் மேல் கிருமிநாசினியை நேரடியாகத் தெளிக்காமல் துணியில் நனைத்துத் துடையுங்கள். லெட் ஏப்ரனுக்கு மென்மையான சோப்புக் கரைசலே நல்லது. பிளீச் அதைக் கெடுத்துவிடும். இரத்தம் சிந்தினால் கையுறையோடு உறிஞ்சும் தாளை மூடி, 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் ஊற்றி, குறைந்தது 10 நிமிடம் விட்டுப் பிறகு எடுக்க வேண்டும். அது உலோகத்தை அரிக்கும் என்பதால் இயந்திரப் பகுதிகளில் படவிடக் கூடாது.

ஐ.சி.யு.வில் இயந்திரத்தைப் படுக்கைக்கே கொண்டுபோய்ப் போர்ட்டபிள் எக்ஸ்ரே எடுப்பதை இருவராகச் செய்வது நல்லது. ஒருவர் 'சுத்தமானவர்'; இயந்திரத்தை மட்டும் தொடுவார். மற்றவர் நோயாளியை மட்டும் தொடுவார். டிடெக்டரைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முதலாமவர் நீட்ட, இரண்டாமவர் நோயாளியின் முதுகுக்கடியில் வைக்கிறார். படம் எடுத்ததும் அவர் பையின் வாயை வெளிப்புறமாக மடித்துப் பிடிக்க, முதலாமவர் பையைத் தொடாமல் டிடெக்டரை மட்டும் உருவி எடுக்கிறார். பை குப்பைக்குப் போகிறது, கையுறை கழற்றப்படுகிறது, கை கழுவப்படுகிறது. அதன் பிறகே அடுத்த படுக்கை. தொற்று உறுதியானவர்களைச் சுற்றின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கதிர் பாயும்போது கேபிளை முழுவதும் இழுத்துக் குறைந்தது 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தூரம் இரட்டித்தால் கதிரின் செறிவு கால் பங்காகக் குறையும்.

இனி காசநோய். மருந்துக்கு அடங்காத காசநோய் அதிகமுள்ள நகரங்களில் மும்பையும் ஒன்று, மார்பு எக்ஸ்ரே அறையோ ஜன்னலில்லாத, ஏ.சி. சுழலும் மூடிய பெட்டி. அங்கே வந்து ஆழமாக மூச்சிழுக்கும் நோயாளி இருமத்தான் செய்வார். இருமலோடு வருபவருக்கு வாசலிலேயே சர்ஜிகல் மாஸ்க் கொடுத்து, கூட்டத்தோடு உட்காரவைக்காமல் காற்றோட்டமான வராந்தாவில் காத்திருக்கச் சொல்லுங்கள். அவரை வரிசையில் முன்னே அழைத்து எடுத்து அனுப்பிவிடுவதும் ஒரு வழி. ஊழியர் அணிய வேண்டியது முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் என்95. மணிக்கு 12 முறை காற்று மாறும் அறையிலேயே காற்றிலுள்ள கிருமித் துகள்களில் 99 சதவீதம் வெளியேற 23 நிமிடம் ஆகும். 6 முறை மட்டும் மாறினால் 46 நிமிடம். உங்கள் அறையில் எத்தனை முறை என்று பராமரிப்புப் பிரிவைக் கேளுங்கள். எக்ஸாஸ்ட் விசிறியே இல்லாத அறைகளில், அது வரும்வரை விடாமல் எழுத்தில் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி இரத்தம் பட்ட பஞ்சும் கட்டும் மஞ்சள் பையிலும், குழாய், கையுறை, ஊசியில்லாத சிரிஞ்சு ஆகியவை சிவப்பிலும், ஊசிகள் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியிலும், உடைந்த கண்ணாடி மருந்துக்குப்பி நீலத்திலும் போக வேண்டும். பழைய முறையில் பிலிம் கழுவும் இடங்களில் டெவலப்பர் கரைசலைச் சாக்கடையில் ஊற்றுவதையும் இதே விதிகள் தடுக்கின்றன.

ஊசி குத்திவிட்டால் விரலைப் பிதுக்க வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம், டெட்டால் ஊற்ற வேண்டாம். ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே மேலதிகாரிக்குத் தெரிவித்து அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது. 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 0, 1, 6 மாதக் கணக்கில் வேலையில் சேரும்போதே தொடங்கி, மூன்று தவணையும் முடித்துக்கொள்ளுங்கள்.

படம் எடுத்த பின் சட்டம்

"என்ன இருக்குன்னு நீங்களே சொல்லுங்க தம்பி" என்று கேட்காத நோயாளி இல்லை, தமிழில் பேசிவிட்டால் இன்னும் உரிமையோடு கேட்பார்கள். படத்தைப் படித்து அறிக்கை தருவது ரேடியாலஜிஸ்டின் பணி. "டாக்டர் பார்த்து எழுதுவார், இத்தனை மணிக்கு அறிக்கை கிடைக்கும், அதை இவரிடம் காட்டுங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதே நேரம் படத்தில் நுரையீரல் சுருங்கி உயிருக்கு ஆபத்தாகத் தெரிந்தால், அறிக்கைக்காகக் காத்திராமல் மருத்துவரை உடனே அழைப்பது கடமை. படமும் அறிக்கையும் பெறுவது நோயாளியின் உரிமை. அவற்றை வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது, பெயரை மறைத்தாலும், அனுமதியின்றிச் செய்யக் கூடாதது.

எச்.ஐ.வி. நிலையை வெளியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. படிவத்தின் மேல் சிவப்பு மையில் எழுதி வைப்பதும், வரிசையில் சத்தமாகச் சொல்வதும் அந்தச் சட்டத்துக்கு மாறானவை. எல்லா நோயாளியின் இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதி வேலை செய்தால் அப்படி எழுதிவைக்கத் தேவையே எழாது.

கருவின் பாலினத்தைத் தெரிவிப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஆறாண்டு முன்பே, 1988-இல், இந்த மாநிலம் தனக்கென ஒரு சட்டம் இயற்றியது. சொல்லாலோ சைகையாலோ வேறெந்த வகையிலோ தெரிவிப்பது குற்றம். முதல் முறைக்கு 3 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அல்ட்ராசவுண்ட் அறையில் உதவிக்கு நிற்பவர் "இனிப்பு வாங்கி வையுங்கள்" என்று விளையாட்டாகச் சொல்வதும் இதில் அடங்கிவிடும். கர்ப்பிணியின் ஸ்கேன் விவரங்களை எழுதும் ஃபார்ம் எஃப் படிவத்தை விடுபாடின்றி நிரப்பி 2 ஆண்டு பாதுகாக்க வேண்டும்.

போலீஸ் வழக்கு தொடர்பான படங்களில் அடையாள மச்சம், நேரம், அழைத்துவந்த காவலரின் எண், எடுத்தவர் கையொப்பம் ஆகியவற்றைப் பதிவேட்டில் அன்றே எழுதுங்கள். கையெழுத்து வாங்காமல் படத்தை எவரிடமும் கொடுக்காதீர்கள். விபத்தில் சிக்கியவரைப் போலீஸ் தாளுக்காகக் காக்கவைக்கக் கூடாது; உயிர் காப்பதே முதலில் என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

உங்கள் உடல், உங்கள் உரிமை

நம் உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை மார்பு மட்டத்தில், ஏப்ரனுக்கு உள்ளே அணிய வேண்டும். வேலை முடிந்ததும் கதிரில்லாத இடத்தில், ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் கன்ட்ரோல் பேட்ஜோடு வையுங்கள். எக்ஸ்ரே அறையில் மாட்டிவிட்டுப் போனால் கணக்கு பொய்யாகும். வேறொருவர் பேட்ஜை அணியக் கூடாது. நமக்கே எக்ஸ்ரே எடுக்கும்போதும் கழற்றிவிட வேண்டும். அணுசக்தி நகரில் தலைமையகம் கொண்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஊழியர் பெறும் கதிர்வீச்சுக்கு வகுத்த வரம்பு, தொடர்ந்து 5 ஆண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டாமல். பெண் ஊழியர் கர்ப்பத்தைத் தெரிவித்த பின், மீதமுள்ள காலத்தில் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் சேராதபடி பணியை மாற்றித் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு.

2004-ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி, உங்கள் டோஸ் கணக்கைக் கேட்டால் நிர்வாகம் தர வேண்டும். வேலையிலிருந்து விலகும்போதும் தர வேண்டும். சிறு சென்டர்களில் பேட்ஜே கொடுக்காமல் வேலை வாங்குவது நடக்கிறது. அங்கே முதல் நாளே கேட்டுவிடுங்கள். சம்பளத்தைப் பேசும்போதே இதையும் பேசுவது எளிது. உறவினர் கைநீட்டினால், மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறைக்கு எதிரான மகாராஷ்டிராவின் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவருக்கு மட்டுமன்றி உங்களுக்கும் பொருந்தும். அது ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். நடந்ததை நேரத்தோடு எழுதி, உடனிருந்தவர் கையெழுத்தையும் வாங்கி, நிர்வாகத்தின் வழியாக அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள்.